கோடிட்ட இடம்



சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி எங்களூர் ஏரியைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையை என்னிடம் காட்ட வந்தாள். நடை பிழையின்றி ஓடிற்று. ஏரியை வெட்டுவித்தவன் பாண்டிய மன்னன் ஒருவன் என்று எழுதி, ஆண்டும் குறித்திருந்தாள்.

“இச்செய்தி எங்கே கிடைத்தது, அம்மா?” என்று வினவினேன்.

“செயற்கை நுண்ணறிவைக் கேட்டேன், ஐயா.”

அவ்வேரியோ 1960களில் வெட்டப்பட்டது. கரைக்கு மண் சுமந்தவர்களுள் அவள் பாட்டியும் ஒருத்தி!

இயந்திரம் பொய் சொல்லிற்றா? பொய் சொல்வதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டுமன்றோ? நான் ஒரு தாளில், “ஆற்றில் ______ பெருக்கெடுத்தது” என்று எழிதி நீட்டினேன். “வெள்ளம்” என்று உடனே நிரப்பினாள். “பழைய ஏரியை வெட்டியவன் ______” என்றேன். “மன்னன்” என்றாள்; சொன்னதும் நாணி நகைத்தாள். மனிதர் எழுதிய எண்ணிலாப் பக்கங்களைக் கொண்டு பழக்கப்பட்ட அவ்வியந்திரமும், எச்சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்தே வாக்கியம் தொடுக்கிறது. அதன் கணக்கு பன்மடங்கு நுட்பமானது. வழி ஏறத்தாழ இதுவே. இணையத்தில் தேடி விடை கூறுவனவும் இன்று உண்டு. ஆயினும் எவரும் எழுதி வையாத செய்தி அங்கே எப்படிக் கிடைக்கும்?

கற்றறிந்தோரும் இதில் இடறியிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் நியூயார்க் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி புனைந்து தந்த, நடந்தேயிராத வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20இலேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக வைத்தது. நன்று. ஆனால், கணிப்பொறி இல்லாத பள்ளி இதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தமிழ் வகுப்பில் ஒரு கரும்பலகை போதும். (ஓய்வு பெற்ற தமிழாசிரியன் வேறென்ன சொல்வான் என்பீர்கள்!) கோடிட்ட வாக்கியமொன்றை எழுதி, நாற்பது மாணவர் தந்த விடைகளையும் பலகையில் எண்ணுங்கள். பெரும்பாலோர் சொன்ன சொல் எது, மெய்யான சொல் எது என்று பிறகு விசாரித்து வரச் செய்யுங்கள்.

அம்மாணவி மறுவாரம் வந்தாள். பாட்டியிடம் கேட்டுக் கட்டுரையைப் புதிதாக எழுதியிருந்தாள். கூடை சுமந்த கூலிக்கணக்குக்கூட அதில் இருந்தது. வேலை தொடங்கிய ஆண்டு மட்டும் பாட்டிக்கு நினைவில்லையாம். அவ்விடத்தைக் கோடிட்டு விட்டிருந்தாள்.