நடுக்கத்தோடும் மேடை ஏறலாம்



1901-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே டமால்பைஸ் மலையில் ஒரு பாறை உருண்டு, 24 வயது செல்லோ கலைஞர் ஒருவரின் இடக்கை விரல்களை நசுக்கியது. அந்த நொடியில், இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் அவருக்கு முதலில் வந்ததாம். அவர் பாப்லோ காசல்ஸ். கை குணமாகி, 90 வயது கடந்தும் வாசித்தார். மேடைப் பயம் மட்டும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

நீங்கள் இசையில் பட்டம் வாங்கும் நாளில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் துறையில் இந்தப் பயத்தைப் பற்றி வாய் திறப்பவர்கள் குறைவு. கை நடுங்கியது என்றால், "சாதகம் போதவில்லை" என்று முடித்துவிடுகிறோம். சாதகக் குறைவால் வரும் பயமும் உண்டு. அதற்குச் சாதகமே மருந்து. ஆனால் வீட்டில் மூன்று காலமும் பிசகாமல் பல்லவி பாடுகிறவருக்குச் சபையில் நாக்கு ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். எதிரே இருக்கும் கூட்டத்தை உடம்பு ஆபத்தென்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. விரல் சில்லிடுகிறது, வாய் வறள்கிறது, வயலின் வில் தந்தியில் துள்ளுகிறது. மூச்சு மேலேயே நின்றுவிடுவதால் கார்வை நிற்பதில்லை. உங்கள் வித்தையில் குறை என்று இதற்குப் பொருளே இல்லை.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் வர்ணம் முதலில் வருவதை இந்தக் கண்ணோடு பாருங்கள். வருடக்கணக்காகக் குரலில் ஊறிய உருப்படி அது. மனம் தடுமாறினாலும் உடம்பு கொண்டுபோய்விடும். அதற்குள் படபடப்பும் சற்று அடங்கும். புதிதாகப் பாடம் பண்ணியதை முதலில் வைத்துச் சபையை அசத்த நினைக்காதீர்கள். மேடை ஏறுமுன் மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். "பயப்படாதே" என்று மனத்தை அதட்டுவதைவிட, "பாடத் துடிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வது உதவுகிறது. ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது; அவர் வைத்த சோதனைகளில் ஒன்று பாடுவதேதான்.

சிலர் புரோப்ரனலால் மாத்திரையை நாடுகிறார்கள். அது நடுக்கத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். பயத்தால் கச்சேரிகளையே தவிர்க்கத் தொடங்கினால், மனநல ஆலோசகரிடமும் கூச்சமின்றிப் போங்கள்.

உங்களில் பலர் நாளை குருவாக உட்காரப் போகிறீர்கள். அரங்கேற்றத்தன்று ஒரு பிள்ளை, "வயிற்றைப் பிசைகிறது" என்று உங்களிடம் வரும். அப்போது உங்களுக்கு எந்தக் கச்சேரியில் எப்படி நடுங்கியது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.