கற்ற மகனும் கல்லாத் தாயும்



தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் திண்ணையில் ஞாயிறுதோறும் நிகழும் காட்சி இது. கடல்கடந்த நாட்டில் பணிபுரியும் மகன் தொலைப்பேசியில் அழைக்கின்றான். திரையிலே பேரனின் முகம் தெரிகின்றது. "சாப்பிட்டாயா, கண்ணு?" என்று பாட்டி கேட்கின்றாள். பேரன் விழிக்கின்றான், தந்தையின் முகத்தைப் பார்க்கின்றான். தந்தை அவ்வினாவை ஆங்கிலமாக்கிச் சொல்கின்றான். பேரன் ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றான். அவ்விடையைத் தந்தை தமிழாக்கித் தாய்க்குச் சொல்கின்றான். இரண்டு மூன்று வினாக்களில் பேச்சு வற்றிவிடுகின்றது. திரை இருண்ட பின்னும் அத்தாய் தொலைப்பேசியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கின்றாள்.

அம்மகனைப் படிக்கவைக்கக் காதுத் தோட்டை விற்றவள் அவள். களையெடுத்த கூலியிலே கட்டணம் கட்டியவள் அவள். தான் பெற்ற மகனுக்கும் அவன் பெற்ற மகனுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பப் போகின்றது என்று அன்று எவரும் அவளிடம் சொல்லவில்லை. அச்சுவருக்குத் தன் தோட்டைக் கொண்டே கல் வாங்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியாது.

இஃது ஒரு வீட்டின் துயர் மட்டும் அன்று, ஓரினத்தின் துயர்.

இதற்குக் கல்வியைப் பழிப்பதா? கூடாது. கல்வி மாந்தனை மாற்றத்தான் செய்யும். மாற்றாவிடின் அது கல்வியே அன்று. கல்வி குடும்ப உறவையும் அசைக்கும் என்பதைத் தமிழர் நேற்றுக் கண்டறியவில்லை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் புறநானூற்று 183-ஆம் பாட்டில் அதனை வெளிப்படையாகவே கூறிவைத்தான். ஒரு வயிற்றில் பிறந்த மக்களுள்ளும் கற்றவன் பக்கமே தாயின் மனம் சாயும் என்பது அவன் கண்ட உண்மை. மூத்தவனாயினும் கல்லாதவனை விடுத்து, அறிவுடையோன் காட்டும் வழியிலேயே அரசும் செல்லும் என்றான். கீழ்நிலையில் வைக்கப்பட்டோன் கற்பானாயின் மேல்நிலையோனும் அவனிடம் சென்று கற்பான் என்றான்.

அவன் காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அன்று தாயின் மனம் கற்ற மகனை நோக்கிச் சென்றது. இன்று கற்ற மகனின் மனம் தாயை விட்டு விலகிச் செல்கின்றது. அன்று கல்வி உறவை இழுத்து நெருக்கியது. இன்று அறுத்து விலக்குகின்றது. இரண்டும் கல்விதான். எனின், இடையில் மாறியது யாது? கல்வி புகட்டும் மொழி மாறியது!

1835-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் மெக்காலே தம் கல்விக் குறிப்பை எழுதினார். குருதியாலும் நிறத்தாலும் இந்தியராகவும், சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராகவும் விளங்கும் ஒரு வகுப்பாரை உருவாக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை. குருதி என்பது யாது? தாய் தந்தது. கருத்து என்பது யாது? பள்ளி தருவது. தாய் தந்ததையும் பள்ளி தருவதையும் இரு கூறாக வெட்டிப் பிரிக்கும் திட்டம் அன்றே தீட்டப்பட்டுவிட்டது. வெட்டிய கை போய்விட்டது. வெட்டு இன்னும் ஆறவில்லை.

இவ்வெட்டு தமிழர்க்கு மட்டும் விழுந்ததன்று. ஆங்கிலேயர் தம் அண்டை நாடாகிய வேல்சிலேயே இதனைச் செய்தனர். வேல்சு நாட்டுக் கல்வியை ஆராய வந்த மூவரும் வேல்சு மொழி அறியாதவர்கள். அம்மொழியே அம்மக்களின் முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் தடை என 1847-இல் அவர்கள் எழுதினர். 'நீலநூல்களின் இரண்டகம்' என்று அவ்வறிக்கையை வேல்சு மக்கள் இன்றும் இழித்துரைக்கின்றனர். அந்நூற்றாண்டில் வேல்சுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கவிடப்பட்டது. மற்றொருவன் தாய்மொழி பேசக் கேட்டால் அதனை அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். பள்ளி முடியும் வேளையில் அது யார் கழுத்தில் கிடக்கின்றதோ அவனுக்கே பிரம்படி.

கெனியாவின் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதியிருப்பதும் இதுவே. 1952-இல் அந்நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின்னர், அவர் பயின்ற பள்ளியில் ஆங்கிலம் கோலோச்சியது. கிக்குயு மொழி பேசிப் பிடிபட்ட சிறுவனுக்குப் பிரம்படி கிடைத்தது. அல்லது அவனை அறிவிலி எனக் குறிக்கும் தகடு அவன் கழுத்தில் மாட்டப்பட்டது. வீட்டிலும் வயலிலும் கதை சொன்ன மொழி, பள்ளி வாயிலில் குற்றமாயிற்று.

மரத்துண்டும் தகடும் இன்று தமிழகத்தில் இல்லை எனலாம். தமிழில் பேசினால் தண்டத்தொகை கட்டச் செய்யும் ஆங்கிலவழிப் பள்ளிகளை இந்நாடு கண்டதில்லையா? "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறப்படுவதில்லையா? பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குத் தாயை அழைத்துச் செல்ல நாணும் சிறுமி இந்நாட்டில் இல்லையா? தாயின் ஒலிப்பைத் திருத்தத் தொடங்கும் பிள்ளை, நாளடைவில் தாயின் அறிவையே ஐயுறுகின்றது. வீடு கல்லாதோர் இடம், பள்ளி கற்றோர் இடம் என அதன் உள்ளத்தில் ஒரு கோடு விழுகின்றது. பிறகு அக்கோட்டைத் தாண்டி அது வீடு திரும்புவதே இல்லை; உடல் மட்டும் திரும்புகின்றது.

இங்கே ஒரு தடைவினா எழும். "ஏழைத் தந்தை தன் மகனை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ப்பது குற்றமா?" அன்று. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட குடியில் பிறந்தவன், வேலை எம்மொழியில் கிடைக்கின்றதோ அம்மொழியைத் தன் மகனுக்கு வாங்கித் தர முனைகின்றான். அவனைப் பழிப்பவன் பசியறியாதவன். பழிக்கத்தக்கது சோற்றையும் தமிழையும் பிரித்துவைத்த ஏற்பாடே ஆகும்.

அவ்வேற்பாட்டைத் தமிழ் பேசி ஆட்சிக்கு வந்தோரும் முற்ற மாற்றவில்லை. தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியைக் கட்டாயமாக்க 1999-இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2000-இல் சென்னை உயர் நயன்மன்றம் அதனைச் செல்லாதாக்கியது. 2006-இல் தமிழ் ஒரு பாடமாகக் கட்டாயமாக்கப்பட்டது, பயிற்றுமொழியாக அன்று. 2010-இல் தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமையாக வழங்கச் சட்டம் வந்தது, நல்லதே. ஆயின் 2012-க்குப் பின்னர் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் திறக்கப்பட்டன. ஒரு கையால் நட்டதை மறு கையால் பிடுங்கும் உழவன் எந்நாளில் அறுவடை செய்வான்?

அறிவு பெறுதற்கு வீட்டை இழக்கத்தான் வேண்டுமா? வேண்டா என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. மறைமலையடிகள் ஆங்கிலத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். வடமொழியிலிருந்து சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். அத்தகையவர் 1916-இல் ஒருநாள் தம் மகள் நீலாம்பிகையோடு வள்ளலாரின் பாட்டொன்றைப் பாடினார். பெற்ற தாயைப் பிள்ளை மறக்கும் நிலையைச் சொல்லித் தொடங்கும் பாட்டு அது. அதில் வரும் 'தேகம்' என்னும் வடசொல்லுக்கு மாறாக 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் இன்னும் இனித்திருக்கும் என்று அவர் கூற, இனித் தனித்தமிழே எழுதுவோம் எனத் தந்தையும் மகளும் உறுதிகொண்டனர். வேதாசலம் மறைமலையானார். தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. அம்மகள் பின்னாளில் வடசொற்றமிழ் அகரவரிசை தொகுத்தார். 1938-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

அங்கும் கல்வி மாந்தரை மாற்றியது, பெயரையே மாற்றியது! ஆயின் தந்தையும் மகளும் ஒருசேர மாறினர். தாய்மொழியில் நிகழ்ந்த மாற்றமாகலின், ஒருவர் மாறியதை மற்றவர் அறிந்தார். கூகியும் தமக்கு இடப்பட்ட சேம்சு என்னும் பெயரைத் துறந்தார். 1977-இல் தம் மக்களின் மொழியில் நாடகம் அமைத்தார். அதன் பயனாகச் சிறை புகுந்தார். சிறையிலேயே கழிப்பறைத் தாளில் அம்மொழியில் புதினம் எழுதினார். வேல்சு மக்களோ 1939-இல் அபரிசுத்வித்து நகரில் 7 குழந்தைகளோடு ஒரு தாய்மொழிப் பள்ளியைத் தொடங்கினர். இன்று வீட்டில் ஆங்கிலமே பேசும் பெற்றோரும் தம் பிள்ளைகளை வேல்சுவழிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். ஏழு குழந்தைகளால் ஒரு மொழி திரும்பி நடக்கத் தொடங்கியது எனின், ஏழரைக் கோடி மக்கள் வாழும் தமிழகத்துக்கு என்ன குறை?

இளந்தமிழரே! ஆங்கிலம் கற்க, அறிவியல் கற்க, உலகம் முழுதும் சென்று பணிபுரிக. ஆயின் கற்றதைத் தாய்க்குத் தமிழில் சொல்லிக் காட்டுக. சொல்ல இயலவில்லையெனின், அதனை இன்னும் கற்கவில்லை என்று அறிக. பிள்ளைக்குத் தமிழ்ப் பெயரிடுக; முதல் எழுத்தைத் தமிழில் தொடங்குக; பாட்டிக்குத் திங்கள்தோறும் ஒரு மடல் பேரன் கையால் எழுதச் செய்க. ஊர்தோறும் தமிழ்வழிப் பள்ளியைக் காத்து நிற்க; தமிழ்வழிக் கற்றோர்க்கு வேலை கேட்டு அரசின் வாயிலில் நிற்க.

அத்திண்ணையில் அத்தாய் இன்னும் அமர்ந்திருக்கின்றாள். அவளுக்குத் தோடு திரும்ப வேண்டா; பணமும் வேண்டா. மொழிபெயர்ப்பாளன் நடுவில் இல்லாமல், "சாப்பிட்டேன் பாட்டி, நீ சாப்பிட்டாயா?" என்று ஒரு குரல் வேண்டும். அக்குரலை அவளுக்குத் தராத கல்வி எத்துணை உயர்ந்த பட்டம் தந்தாலும் கல்வியாகாது!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்வழிக் கல்வி!