உளியில் உள்ள கவனம் சாலையிலும் வேண்டும்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், வண்டி ஓட்டும்போது வேண்டிய கவனம் என்பதாகும். கவனம் என்றால் என்ன என்பதை உங்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பால்வெட்டுத் தொழிலாளரைவிட அதனை நன்கு அறிந்தவர் யார்? விடியுமுன், தலையில் கட்டிய விளக்கின் சிறிய ஒளியில், உளியை மரத்தில் பதிக்கின்றீர்கள். பட்டையைச் சீவும்போது உள்ளே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்தை விட்டுவைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் மீண்டும் வெட்ட வரும்போது உளி ஒழுங்காக ஓடாது. ஒரு நொடி கவனம் பிசகியதற்கு இத்தனை ஆண்டுத் தண்டனை! ஆகவேதான் நல்ல வெட்டுக்காரர் உளி ஓடும்போது வேறு பக்கம் பார்ப்பதில்லை.

அதே கை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றியதும், அந்தக் கவனம் எங்கே போய்விடுகிறது?

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 6,080 பேர் உயிரிழந்தனர். சாலையில் மாள்வோரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே ஆவர். பள்ளிக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் தோட்டத்து மக்களை ஏற்றிச் செல்வதும் அந்த மோட்டார் சைக்கிள்தான். இவ்விபத்துகள் யாவும் கவனக்குறைவால் நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. வேகம், பழுதடைந்த சாலை, பிறர் செய்யும் தவறு எனக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கையிலேயே இருப்பது நமது கவனம்.

கவனம் மூன்று வகையில் சிதறுகிறது. கண் சாலையை விட்டு அகலுதல் ஒன்று. கை கைப்பிடியை விட்டு அகலுதல் மற்றொன்று. மனம் பயணத்தை விட்டு அகலுதல் இன்னொன்று. கைத்தொலைபேசியில் வந்த செய்தியைப் படிக்கும்போது இம்மூன்றும் ஒருசேர நிகழ்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்றே விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். நிரையில் பத்து மரங்களுக்கு மேற்பட்ட அத்தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பீர்களா? செய்தியைப் படிப்பவர் அதைத்தான் செய்கின்றார். அந்த 50 மீட்டருக்குள் ஒரு மாடு குறுக்கே வரலாம். செம்மண் சாலையிலிருந்து செம்பனை லோரி திரும்பலாம். பள்ளிக்கூடப் பிள்ளை ஓடிவரலாம்.

சிலர் தொலைபேசியைத் தலைக்கவசத்திற்குள் செருகிக்கொண்டு பேசுகின்றனர். “கை சும்மாதானே இருக்கிறது” என்பது அவர்கள் வாதம். கை சும்மா இருக்கலாம். மனம் சும்மா இல்லையே! தொலைபேசியைப் பயன்படுத்திக்கொண்டு வண்டி ஓட்டுவோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதும் அவ்வளவாகப் பாதுகாப்புத் தருவதில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துக் காட்டியுள்ளது.

கடமையை மறக்கும் இக்குறையை நம் முன்னோர் ‘பொச்சாப்பு’ என்றனர். அதனை விலக்குவதற்கெனத் திருக்குறளில் ‘பொச்சாவாமை’ என்று தனி அதிகாரமே அமைந்துள்ளது.

ஒரு தோட்டத்திற்கு நாங்கள் சென்றிருந்தபோது ஒரு தாயார் எங்களிடம் வந்தார். அவருடைய மகன் வேலை முடிந்து திரும்பும் வழியில் விழுந்து, கால் முறிந்து, பல மாதம் வீட்டில் கிடந்தவர். அந்த நேரத்தில் அவரைத் தொலைபேசியில் அழைத்தவர் வேறு யாருமல்லர், அத்தாயார்தாம். “கடையில சீனி வாங்கிட்டு வான்னு சொல்லத்தான் ஐயா கூப்பிட்டேன்” என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. அவர்மீது குற்றமில்லை, மகன் வண்டியில் இருப்பதை அவர் அறியார். ஆயினும் அவர் சொல்லிலிருந்து நாங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். சாலைக் கவனம் வண்டி ஓட்டுபவரின் கடமை மட்டுமன்று. வீட்டிலிருந்து அழைப்பவரின் கடமையுமாகும்.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வண்டியைக் கிளப்புமுன் தொலைபேசியின் ஒலியை அடக்கிப் பையிலோ இருக்கைக்குக் கீழோ வைத்துவிட வேண்டும். வழி தெரியாத ஊரானால் புறப்படுமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பேசியே தீரவேண்டுமானால், சாலையின் இடப்புறம் பாதுகாப்பாக ஒதுங்கி, வண்டியை நிறுத்திய பின்னரே பேச வேண்டும்.

மூன்றாவது, பால் வாளியோ சாமானோ ஏற்றினால் ஆடாமல் இறுகக் கட்ட வேண்டும். சரியும் சுமையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், ஓட்டிக்கொண்டே புகைப்பதும் கவனத்தைக் குலைப்பவையே.

நான்காவது, விடியுமுன் எழுந்து வேலை செய்த உடல் களைத்திருக்கும். களைத்த மனம் தானே அலையும். சற்று இளைப்பாறி, முகம் கழுவிப் புறப்படுவதால் நட்டமொன்றுமில்லை.

ஐந்தாவது, வீட்டிலுள்ளோர் அழைத்தால் முதற்கேள்வி, “வண்டியில் இருக்கிறாயா?” என்பதாக இருக்கட்டும். “ஆம்” என்றால் உடனே வைத்துவிடுங்கள். பதில் வரவில்லையென்று மீண்டும் மீண்டும் அழைக்க வேண்டா. “ஓட்டிக்கொண்டிருக்கிறான், வந்து பேசுவான்” என்று பொறுத்திருங்கள்.

கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவது நம் நாட்டில் சட்டப்படி குற்றமாகும். அபராதத்திற்கு அஞ்சி மட்டும் இதனைச் செய்ய வேண்டா. 1973ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டில் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தது. தலைக்கவசம், விழுந்தபின் காக்கும். விளக்கு, பிறர் நம்மைக் காண உதவும். ஆனால் நாம் சாலையைக் காண்பதற்கு நம் கண்ணையும் மனத்தையும் தவிர வேறு கருவியில்லை.

பெருமக்களே! காயப்பட்ட மரத்தில் மறுபட்டையாவது வளரும். சாலையில் போன உயிர் திரும்பாது. நாளைக் காலையில் உளியைப் பிடிக்கும்போது எத்துணைக் கவனம் கொள்வீர்களோ, அத்துணைக் கவனத்தோடு மாலையில் வண்டியைப் பிடியுங்கள். வாசலில் விளக்கேற்றிக் காத்திருப்போர் உங்கள் குரலைத் தொலைபேசியில் அன்று, நேரிலேயே கேட்கட்டும்.