ஏழை பாடிய பேரரசி



தன்னை வாட்டிய ஆட்சியையே ஒருவன் வாழ்த்திப் பாடுவானா? பாடுவான்! அப்படிப் பாடுகிறவனைப் படம்பிடித்துக் காட்டிய பாட்டொன்று இலண்டன் மாநகரிலே பிறந்தது.

ஆண்டு 1969. ‘தி கிங்க்ஸ்’ எனும் ராக் இசைக்குழு ‘ஆர்தர்’ என்றோர் இசைத்தட்டை வெளியிட்டது. ‘பிரிட்டிஷ் பேரரசின் தளர்ச்சியும் வீழ்ச்சியும்’ என்பது அதன் மறுபெயர். முதற்பாட்டு ‘விக்டோரியா’, இயற்றியவர் ரே டேவிஸ்.

கேட்டவுடன் கால் தாளம் போடும். நாட்டுப்பற்றுப் பாட்டென்றே தோன்றும். உற்றுக் கேட்டாலோ, ஊசி குத்தும்! பாடுகிறவன் ஏழை. செல்வரின் சிறுமையையும் அறிந்தவன். ஆயினும் அரசியைப் போற்றுகிறான். நாட்டுக்காக உயிர்விடவும் துடிக்கிறான். கனடா, இந்தியா என்று பேரரசின் நாடுகளை அடுக்கி அடுக்கி அகமகிழ்கிறான்.

ஆம், அந்தப் பட்டியலில் நாமும் உண்டு! 1877 சனவரி முதல் நாள், தில்லியிலே தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியென அறிவித்தார் லிட்டன் பிரபு. அங்கே ஆடம்பரம், சென்னை மாகாணத்திலே பஞ்சம்! அவ்வாண்டில் பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்த ஆண்மகனுக்குக் குறைத்து அளந்த நாட்கூலி, ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்.

சரி, நமக்குப் பஞ்சம் தந்த பேரரசு, இலண்டன் ஏழைக்கேனும் வாழ்வு தந்ததா? இசைத்தட்டின் கதையே விடை கூறுகிறது. ஆர்தர், வீடுகளிலே தரைக்கம்பளம் விரிக்கும் தொழிலாளி. உடன்பிறந்தானை முதல் உலகப் போர் விழுங்கிற்று. ஒரு மகனைக் கொரியப் போர் விழுங்கிற்று. இன்னொரு மகனோ வாழ்வு தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறான். ஆர்தருக்கு எஞ்சியது என்ன? பெருமை எனும் பேச்சு!

ஆயினும், டேவிஸ் ஆர்தரை இழித்துரைக்கவில்லை. தம் தமக்கையின் கணவரை மனத்தில் வைத்தே அவனைப் படைத்தார். வீட்டு மனிதரை வெறுத்தா எழுதுவார்? அவர் எள்ளியது ஏமாந்தவனையன்று, ஏமாற்றிய பெருமையை!

பாட்டு நமக்குத் தரும் பாடம் இதுவே. பழம்பெருமையில் மயங்கியவனைப் பார்த்து, “முட்டாளே!” என்று கூவினால், அவன் அதை முன்னினும் இறுகப் பற்றிக்கொள்வான். அவன் இழந்தவற்றை முதலில் கேளுங்கள். அவன் துயரில் பங்கு கொள்ளுங்கள். பிறகு, பொற்காலம் பொற்காலம் என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை அவன் காதிலே போடுங்கள். இலண்டனுக்கு மட்டுமன்று, எந்நாட்டுப் பொற்காலத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்:

“அந்தப் பொன், யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது?”