பறித்தால்தான் காய்க்கும்

மாசியில் மாடித் தோட்டத்தில் வெண்டை போட்டவர்கள் இந்நேரம் மாடியேறினால் கை நிறையக் காயோடு இறங்கலாம். விதைத்து 45 நாளில் காய்ப்புக்கு வந்துவிடும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறித்துவிடுங்கள். நுனி படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கடையில் இப்படி ஒடித்தால் திட்டு விழும், நம் தோட்டத்தில் கேட்க ஆளில்லை! இன்னும் பெரிசாகட்டும் என்று விட்டால் செடியின் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். புதுப் பூ குறையும்.

பூசணி பூத்தும் காய்க்கவில்லையா? முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ. அடியில் குட்டிக் காயோடு இருப்பதே பெண்பூ. தேனீ வராத மாடியென்றால், காலையிலேயே ஆண்பூவைக் கிள்ளி, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும். அதற்கு இன்னொரு தடவை மாடியேற வேண்டியதுதான்.