குதிரை தேடிய கதை
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



போன வருசம் இந்த மண்டபத்தில் கதிரை அடுக்கினவன் நான். இந்த வருசம் மேடையில் ஏத்தி விட்டிருக்கினம். ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன், இங்கே இரும்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பேச்சு வராது. "நீரும் மகனும் செய்த கிற்றாரைப் பற்றிச் சொல்லும், அது போதும்" என்று செயலாளர் அண்ணை சொன்னதால்தான் வந்தேன்.

மகனுக்கு 13 வயது. எலக்ட்ரிக் கிற்றார் வேணும் எண்டு நிண்டான். கடை விலையைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல், "நாங்களே செய்வம்" என்று சொல்லிவிட்டேன். மெட்டுக்கள் வெட்டுவது என் கைக்கு வராத வேலை. ஆகவே பழைய கழுத்து ஒன்றை வாங்கினோம். உடலுக்கு ஒரு தம்பி தன் வீட்டுக் குசினியில் மிஞ்சின பீச் பலகை தந்தார், 38 மில்லிமீற்றர் தடிப்பு. கழுத்தை நாலு ஸ்குறூவால் உடலோடு பூட்டுவது. 1950இல் அமெரிக்காவில் லியோ பென்டர் விற்பனைக்கு விட்ட கிற்றார்களும் இந்த முறைதான்.

மிச்சம் ஒன்று. தந்திகள் உடலில் ஏறி நிற்கிற இரும்பு. வீணையில் இதைக் குதிரை என்பார்கள். அதன்மேல் தந்திக்கு ஒன்றாக இருக்கிற ஆறு சின்னத் துண்டுக்கு ஆங்கிலத்தில் சேணம் என்றே பெயர். இதைச் சொன்னபோது மகன் சிரித்தான். வீட்டில் கேட்டதற்கெல்லாம் ஜேர்மன் பாஷையில் பதில் சொல்லுகிற பிள்ளை, நிலவறையில் "அப்பா, குதிரை எங்க?" என்று கேட்கத் தொடங்கினான்.

அந்தக் குதிரையில்தான் நான் விழுந்தேன். மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு தூணில் நிற்கிற வகையை வாங்கினேன். கிப்சன் கிற்றார்களில் 1954இலிருந்து வருகிற வகை. அவற்றில் கழுத்தைப் பின்னுக்குச் சரித்து ஒட்டியிருப்பார்கள். எங்களுடையதோ தட்டையாகப் பூட்டினது. குதிரையில் தந்தி 12, 13 மில்லிமீற்றர் உயரத்தில் நிண்டால் போதும். இந்தக் குதிரையை எவ்வளவு பதித்தாலும் 16. பன்னிரண்டாம் மெட்டில் தந்தி 4 மில்லிமீற்றர் மேலே நிண்டது. இரண்டே போதும். பிள்ளையின் விரல் நொந்தது. கழுத்தின் அடியில், குதிரைப் பக்க முனையில், ஒரு மில்லிமீற்றர் சீவல் வைத்து அதைச் சரிக்கட்டினோம்.

சரிக்கட்ட முடியாதது மற்றது. இரண்டு தூணுக்கும் நேர்கோட்டில் துளை போட்டிருந்தேன். தடித்த தந்திகளுக்குச் சேணம் கொஞ்சம் பின்னுக்குப் போக வேணும். அதில் அவ்வளவு இடம் இல்லை. வெறுந்தந்தி சரி, பன்னிரண்டில் அமத்தினால் சுரம் ஏறி நிற்கும். மூன்று மில்லிமீற்றர் பிழை! தூணின் இரும்புக் குழாயைப் பிடுங்கப் போய்ப் பலகை வெடித்துவிட்டது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய்விட்டான். ஷிப்ட் வேலைக்காரனுக்கு மகனைக் காண்கிற நாள் சனிக்கிழமைதான். இரண்டு சனிக்கிழமை அவன் கீழே இறங்கவில்லை.

மூன்றாம் சனி அதே குசினிப் பலகையின் அடுத்த துண்டை எடுத்தேன். எடுக்கிற சத்தம் கேட்டோ என்னவோ வந்தான். வந்தவன் கைபிடி வைத்த குதிரை கேட்டான். பிடித்து ஆட்டினால் சுரமும் ஆடும், பென்டர் 1954இல் கொண்டுவந்தது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. வேர்னியரைக் கையில் கொடுத்தேன். ஆறு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்கும், அதற்கு எதிராகப் பின்னால் ஸ்பிறிங் இழுக்கும், ஒரு தந்தி அறுந்தால் மற்றதெல்லாம் சுருதி மாறும் என்று விளங்கப்படுத்தினேன். அவன் அந்தக் குதிரையின் அடியில் தொங்குகிற இரும்புக் கட்டியின் அளவைப் பார்த்தான், 42. பலகையை அளந்தான், 38. "பின்னால துருத்தும் அப்பா" என்றான். பலகைக்குள் குடைகிற மெசினும் எங்களிடம் இல்லை.

அதனால் தட்டையான அசையாத குதிரை, ஐந்து மர ஸ்குறூ. தந்தியை உடலுக்குப் பின்னாலிருந்து கோத்தால் வடிவுதான். ஆனால் கை டிறிலால் ஆறு துளையும் நேரே வராது. நாங்கள் குதிரையின் பின் ஓரத்திலேயே கோத்தோம். அசையாத குதிரையில் எனக்குப் பிடித்தது, பிழைத்தால் தீக்குச்சியும் பசையும் வைத்துத் துளையை அடைத்து மறுபடி பூட்டலாம்.

இந்தமுறை அளந்தது அவன். தலைப்பக்கத் துண்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்கு 324, இரண்டு மடங்கு 648. மெல்லிய தந்தியின் சேணம் அங்கே, தடித்ததற்கு மூன்று நாலு மில்லிமீற்றர் பின்னுக்கு. சேணத்தை முன்னுக்கு ஏத்தி வைத்துத்தான் இடம் குறித்தோம், பின்னுக்குப் போக வழி இருக்கட்டும் என்று. முதலாம், ஆறாம் தந்திக்குத் தையல் நூல் இழுத்துப் பிடித்து, கழுத்தின் இரண்டு ஓரத்துக்கும் ஒரே இடைவெளி வருகுதா என்று பார்த்த பிறகுதான் டிறிலைத் தொட்டேன்.

பூட்டி முடித்தால் ஒரே இரைச்சல். குதிரைக்கு அடியில் எர்த் வயர் வைக்க மறந்துபோனேன்! ஐந்து ஸ்குறூவையும் கழற்றினோம். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவன் சிரித்தான்.

பீச் பலகை பாரம். தோள் நோகுது என்று சொல்லுவான், கழற்றி வைக்க மாட்டான். இப்ப வந்து வாசிப்பான். ஆறாம் தந்தி கொஞ்சம் உறுமினால் குறை நினைக்காதேங்கோ.