ஆஸ்பத்திரி வளரட்டும், கால்வாய்க்கு யார் பணம் கட்டுவது?

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சம்பளமும் அன்று, போனசும் அன்று. கால்வாயைப் பற்றிப் பேசப் போகிறேன். “கால்வாயைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?” என்று சிலர் சிரிக்கலாம். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, அரிசியும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமும் நனைந்தபின் யாரும் சிரிப்பதில்லை.

ஓர் ஊரில் ஆஸ்பத்திரி விரிவடைகிறது. புதிய கட்டடம் எழும்புகிறது, கார் நிறுத்த இடம் போடுகிறார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். படுக்கை இல்லாமல் வராந்தாவில் கிடந்தவர்கள் நாம்தானே! ஆனால் முன்பு புல்லும் மரமும் இருந்த இடத்தில் இப்போது கூரையும் தாரும் வந்துவிட்டன. அங்கே விழும் மழை எங்கே போகும்? அந்தத் தண்ணீருக்காகக் கால்வாயை அகலப்படுத்த வேண்டுமென்றால், அந்தச் செலவு யாருடையது? இதுதான் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம்

கிராணிமார்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்லும் கணக்கைச் சரி பாருங்கள். இரண்டு ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. நம் நாட்டில் இது அதிசயமன்று. அந்த இரண்டு ஏக்கரில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர். புல்தரையாக இருந்தபோது நூற்றுக்கு நாற்பது பங்கு ஓடியது என்று கொண்டால், ஓடியது 3 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். கூரையும் தாருமாகி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஓடினால் 7 லட்சத்து 20 ஆயிரம். கூடுதலாக வருவது 4 லட்சம் லிட்டர். இருபது லிட்டர் வாளியில் அளந்தால் இருபதாயிரம் வாளி! காண்டா தூக்கித் தோள் காய்த்தவர்களுக்கு இருபதாயிரம் வாளி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணில் மெல்ல ஊறிய தண்ணீர் இப்போது ஒரே மூச்சில் ஓடி வருகிறது. பழைய கால்வாய் அதைத் தாங்காது. கால்வாய் தாங்காததைத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வீடுகள் தாங்குகின்றன.

இந்தப் பாடம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் துரைமார்கள் ரப்பர் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாதென்று சுத்தமாகச் செதுக்கச் சொன்னார்கள். மேல்மண் மழையோடு போய் ஆற்றை அடைத்தது. பிறகுதான் மூடுபயிர்க் கொடி போட்டார்கள். மேட்டு நிலத்தில் படி வெட்டினார்கள். தண்ணீரை நிறுத்தக் குழி தோண்டினார்கள். விழுந்த இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து வை என்பதே அதன் பொருள்.

ஆஸ்பத்திரியும் கால்வாயும்

கால்வாய்க்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்த மண்ணில் பழைய உறவு உண்டு. 1901ல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். கிள்ளானிலும் புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், மலேரியா ஜனங்களை வாரிக்கொண்டு போன ஆண்டு அது. படுக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது, சதுப்பு நீரை வடிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வடித்தார்கள், காய்ச்சல் தணிந்தது. பட்டணத்தில் அதற்குச் சர்க்கார் பணம் செலவாயிற்று. தோட்டங்களில் தோட்டக் கம்பெனிகள் செலவிட்டன. காய்ச்சலில் கிடந்த கூலியிடம் கால்வாய்க்குக் காசு கேட்பது நியாயமாகாது என்பது அன்றே தெரிந்த விஷயம்.

இன்றைய விதி என்ன?

மலேசியாவில் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர்க் கையேடு 2001ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பதிப்பு 2012ல் வந்தது. அதன் உயிர்நாடி ஒன்றே: கட்டடம் கட்டுவதற்கு முன் ஓரிடத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ, கட்டியபின் அதற்கு மேல் வெளியேறக் கூடாது. கூடுதலை அந்த இடத்திலேயே தொட்டியிலோ குளத்திலோ பிடித்து, மழை விட்டபின் மெல்ல விட வேண்டும். நம் கணக்கிலுள்ள 4 லட்சம் லிட்டருக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள தொட்டி போதும். கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலேயே கட்டிவிடலாம்.

சிங்கப்பூரிலும் 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டருக்குக் குறையாத நிலத்தில் கட்டுவோர் மழைநீரின் உச்ச ஓட்டத்தைத் தங்கள் இடத்திலேயே மட்டுப்படுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அங்கே ஆர்ச்சர்ட் சாலை 2010ல் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். அதன்பின் பூமலைத் தோட்டத்துக்கு அடியில் 38,000 கன மீட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டியைப் பொதுப் பணத்தில் கட்டி 2018ல் முடித்தார்கள். தனியார் நிலத்தில் கூடும் தண்ணீருக்கு நிலத்துக்காரர், பழைய கால்வாயின் குறைக்குப் பொதுப் பணம் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்ததைக் கவனியுங்கள்.

யார் கட்டுவது?

நானும் அப்படியே பிரித்துச் சொல்கிறேன். செலவு மூன்று வகை.

முதலாவது, புதிய கட்டடத்தால் கூடும் தண்ணீருக்கான செலவு. அதைக் கட்டடம் கட்டுகிறவரே ஏற்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியானால் அது முதலாளியின் மூலதனச் செலவு. சர்க்கார் ஆஸ்பத்திரியானால், சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே கட்டடத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே தொட்டிச் செலவையும் சேர்த்து மத்திய கஜானா கொடுக்க வேண்டும். அதை நகராண்மைக் கழகத்தின் தலையில் கட்டினால், அந்த ஊரில் வீட்டு வரி கட்டுகிற ஏழைகளின் தலையில் கட்டியதாகும். ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் நாலா திசையிலிருந்தும் வருகிறார்கள். கால்வாய்ச் செலவு மட்டும் ஓர் ஊருக்கா?

இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் குறை. முப்பது நாற்பது ஆண்டுகளாக மேலே கடைகள் வந்தன, வீடமைப்புப் பகுதிகள் வந்தன. கால்வாய் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. இந்தப் பாக்கி முழுவதையும் கடைசியாக வந்த ஆஸ்பத்திரியிடம் வசூலிப்பது நியாயமன்று. அது பொதுச் செலவு. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் கட்டுமானக்காரர்களிடம் நகராண்மைக் கழகங்கள் மேம்பாட்டு நிதிக்குப் பங்குத்தொகை வாங்குகின்றன. சர்க்கார் கட்டடங்களுக்காக வீட்டு வரிக்கு ஈடான உதவித்தொகை உள்ளாட்சிக்குச் சேர வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 156ஆம் பிரிவு. வாங்கிய பணம் அந்தக் கால்வாய்க்குப் போயிற்றா என்று கேட்க வரி கட்டுகிறவனுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, பராமரிப்பு. தொட்டியைக் கட்டித் திறப்பு விழா நடத்தினால் போதாது. சேறும் குப்பையும் அடைத்தால் அது தொட்டியன்று, கொசுப்பண்ணை. ஆண்டுதோறும் யார் வாருவது, யார் பார்வையிடுவது என்பதை அனுமதி கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் வாங்க வேண்டும்.

“ஆஸ்பத்திரி தர்ம காரியம். கால்வாய்க்குக் கொடுக்கும் பணம் மருந்துக்குக் குறையாதா?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் யாரும் கட்டாத செலவு மறைந்து போவதில்லை. அது கீழே இருப்பவனின் வீட்டைத் தேடி வருகிறது. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் புள்ளிவிவர இலாகா 610 கோடி வெள்ளி என்று கணக்கிட்டது. அதில் குடியிருப்புகளின் நஷ்டம் மட்டும் ஏறத்தாழ 160 கோடி. அந்த நஷ்டம் முழுவதற்கும் எந்தக் கஜானாவும் சீட்டு எழுதவில்லை. மீதியை மெத்தையையும் மோட்டார் சைக்கிளையும் இழந்தவர்களே கட்டினார்கள். வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் வருகிறது. தேங்கிய நீரில் கொசு பெருகி டிங்கி வருகிறது. அந்த நோயாளி எங்கே போவான்? அதே ஆஸ்பத்திரிக்குத்தான்! வாசலில் வெள்ளம் நின்றால் ஆம்புலன்சும் உள்ளே போகாது. ஆகவே கால்வாயும் மருத்துவச் செலவே.

நாம் செய்ய வேண்டியது

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் திட்ட அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம். இங்கே ஒரு முள் இருக்கிறது, தோழர்களே! அறிவிப்பு உரிமையாளருக்குத்தான். லயத்தில் குடியிருப்பவனுக்கும் வாடகை வீட்டில் இருப்பவனுக்கும் அந்தக் கடிதம் வராது. தண்ணீர் மட்டும் வரும். ஆகவே உள்ளூர்த் திட்டத்தின் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வரும்போதே நாம் போய்ப் பார்க்க வேண்டும். கிராணிமார்கள் படித்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் மழை நாளில் தண்ணீர் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கண்ணீரைவிடத் தேதி போட்ட கோட்டுக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: கூடும் தண்ணீர் எவ்வளவு? அதைப் பிடிக்கும் தொட்டி எங்கே? அதை வாரப்போவது யார்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரட்டும்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் பெரிதாகக் கட்டட்டும். நல்ல டாக்டர்கள் வரட்டும். ஆனால் மேட்டில் இருப்பவர் கூரை போட, பள்ளத்தில் இருப்பவர் செலவு கட்டுவது என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும், அது இயற்கை. செலவும் பள்ளத்தை நோக்கி ஓடினால், அது மனிதர் செய்த அநியாயம். அதை நாம் ஒன்றுபட்டால் தடுக்கலாம்.